முன்கண்ணாடிக்கு வெளியே ஒரு போர்வை

2020 குளிர்காலத்தில், ஸ்காட்லாந்தில் அவிமோர் பக்கம், மோட்டார்ஹோம்கள் (படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கும் வண்டிகள்) நிற்கும் ஒரு முகாமில், காலை ஆறரைக்கு எழுந்து காபி போடுவதற்கு முன் கொஞ்சம் உட்காரலாம் என்று டிரைவர் சீட்டுக்கு வந்தேன். சீட்டின் முதுகில் போட்டிருந்த கம்பளிச் சால்வை பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன், வயிற்றைக் கலக்கியது, பழைய மோட்டார்ஹோம் வாங்கியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் கூரை காய்ந்துதான் இருந்தது. முன்கண்ணாடியில் சக்‌ஷன் கப் வைத்து ஒட்டியிருந்த வெள்ளி நிறத் தெர்மல் பாயை ஒரு மூலையில் பிரித்தேன். அதன் பின்னால் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகவே பனிக்கட்டி. இரவு படுக்கும் முன்பே கோத்து ஓடிய தண்ணீர் டேஷ்போர்டில் இறங்கி, பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்த சீட்டின் முதுகுக்கு வந்திருக்கிறது, மிச்சம் இருந்தது அப்படியே உறைந்துவிட்டது. மேல்வரிசை சக்‌ஷன் கப் இரண்டு கண்ணாடியோடு சேர்ந்து உறைந்திருந்தன. வெளியே எங்கள் தெர்மாமீட்டர் −6 காட்டியது.

அன்றைக்குத்தான் கண்ணாடிக்கு வெளியே மாட்டும் கவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். சரியான ஒன்றைக் கண்டுபிடித்து, அதைச் சரியாக மாட்டப் பழகுவதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. கடையில் கவரின் தடிமனைப் பற்றித்தான் பேசுவார்கள், எத்தனை அடுக்கு, எத்தனை மில்லிமீட்டர் என்று. நான் இப்போது தடிமனைக் கடைசியில்தான் பார்க்கிறேன். ஓரங்களைத்தான் முதலில் பார்க்கிறேன். ஓரம் கண்ணாடியோடும் கதவோடும் படிந்து உட்காரவில்லை என்றால் உள்ளே எத்தனை அடுக்குப் பஞ்சு இருந்தாலும் காற்று பின்னால் புகுந்து எல்லாச் சூட்டையும் வாரிக்கொண்டு போய்விடும்.

எங்கள் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். ஃபியட் டுகாட்டோ வேனின் மேல் கட்டிய லோ ப்ரொஃபைல் (டிரைவர் தலைக்கு மேல் படுக்கை இல்லாத வகை), 2013 மாடல், 2019 இலையுதிர் காலத்தில் பழைய வண்டியாக வாங்கினோம். பிரிட்டனில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி இந்த டுகாட்டோதான், இல்லையென்றால் அதன் உடன்பிறப்புகளான பெஜோ பாக்ஸர், சிட்ரோவென் ரிலே. மூன்றும் இத்தாலியில் ஒரே தொழிற்சாலையில் ஒரே உடலோடு செய்யப்பட்டவை, முன்கண்ணாடி ஒன்றேதான். கவர் தேடுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி, உங்கள் வண்டியின் மூக்கில் எந்தச் சின்னம் இருந்தாலும் 2006க்குப் பிந்தைய உடல் என்றால் தேட வேண்டியது ஒரே அளவைத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கணவருக்கு வலது தோள் இறுகிப்போய் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, அதனால் மாட்டுவதும் கழற்றுவதும் நான். என் உயரம் 5 அடி 1 அங்குலம். ஒரு கவரை நான் எடைபோடுவது எல்லாம் அந்த உயரத்தில் நின்றுதான்.

உள்ளே ஒட்டும் பாய் ஏன் எங்களை நனைத்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் கவர் வாங்கினால் காசு வீண். மோட்டார்ஹோமின் பின்பகுதி ஜன்னல்கள் இரட்டை அக்ரிலிக், நடுவே காற்று அடைத்தவை. முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடிகளும் ஒரு சாதாரண வேனுடையவை, நடுவே காற்று அடைப்பு எதுவும் கிடையாது. உள்ளே 18 டிகிரி, வெளியே 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் மூடாவிட்டால் அந்தக் கண்ணாடியின் உள்பக்கம் ஏறக்குறைய 5 டிகிரியில் இருக்கும். உள்ளே ஒரு பாயை ஒட்டினால் என்ன ஆகிறது? நமக்கு இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்த கொஞ்சநஞ்சச் சூடும் பாயோடு நின்றுவிடுகிறது, கண்ணாடி இன்னும் குளிர்ந்து 2 டிகிரிக்கு இறங்குகிறது. பாயின் ஓரத்தை எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும் ஈரக்காற்று எங்கேயாவது நுழையும், நுழைந்த ஈரம் அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். அதே பாயை வெளியே போட்டுப் பாருங்கள், கண்ணாடி சூடான பக்கத்துக்கு வந்துவிடுகிறது, உள்பக்கம் 12 டிகிரி போல நிற்கிறது. 18 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால் அதன் பனிநிலை சுமார் 10 டிகிரி. கண்ணாடி 10க்குக் கீழே போனால் வியர்க்கும், மேலே இருந்தால் வியர்க்காது. பாய் அதேதான், எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் மட்டும் வித்தியாசம், அந்த வித்தியாசத்தில்தான் என் சால்வை நனைந்தது. (இது நான் கண்ணாடியின் வெப்பத்தடை எண்களை வைத்துத் தாளில் போட்ட கணக்கு, கவரின் தரத்தையும் காற்றையும் பொறுத்து ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும்.)

இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று என் கணவர் கேட்டார். நம்மிடமிருந்துதான். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டர் தண்ணீராவது காற்றில் கலக்கும். அடுப்பு வேறு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும், அது நேரே வண்டிக்குள்ளேதான் வருகிறது. எங்கள் ஹீட்டர் புகையையும் ஆவியையும் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும், அதைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி ரசம் கொதிக்கவிட்டு, குக்கரில் சாதம் வைத்து, அதே காற்றில் படுத்தால் விடியும்போது அந்த ரசம் கண்ணாடியில் இருக்கும். அதனால் கவர் போட்டாலும் சமைக்கும்போது மேல் ஜன்னலைத் திறப்பதை நான் விடுவதில்லை. தரையிலும் கூரையிலும் நிரந்தரமாகத் திறந்திருக்கும் காற்றோட்டத் துளைகளை எந்தக் குளிரிலும் அடைக்கக் கூடாது, கேஸ் எரியும் வண்டியில் அவை உயிர்க்காப்பு.

முதல் கவரை அவசரப்பட்டு வாங்கினேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், விலை குறைவு, "எல்லா டுகாட்டோவுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். 2021 கோடையில் வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷையர் கடற்கரைக்கு எடுத்துப் போனோம். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, டுகாட்டோவில் சைடு மிரரின் கை எல்லா வண்டியிலும் ஒரே நீளம் இல்லை. வேன் உடலிலேயே ஓடும் வண்டிகளுக்குக் கை குட்டை, எங்களைப் போல அகலமான பின்பகுதி கட்டிய வண்டிகளுக்குக் கை நீளம். கவரின் மிரர் வெட்டு குட்டைக் கைக்குத் தைத்தது. மிரரின் மேல் இழுத்து மாட்டினால் கவரின் நடுப்பகுதி கண்ணாடியை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது, கூடாரம் போல. அதற்குள் மேற்கிலிருந்து வந்த கடல்காற்று புகுந்து ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்தது. இரண்டு மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்து, "அதைக் கழட்டிடும்மா, குளிர்ந்தாலும் பரவாயில்ல, தூங்கணும்" என்றார். கழற்றினேன். காலையில் பார்த்தால் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள முன்கம்பத்தில் பெயின்ட் மங்கி, மெல்லிய வட்டக் கீறல்கள். கவருக்கும் பெயின்டுக்கும் நடுவே சிக்கிய கடற்கரை மணல் ராத்திரி முழுக்க உப்புத்தாள் வேலை பார்த்திருக்கிறது. பாலிஷ் போட்டு ஓரளவு தேற்றினோம், உற்றுப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும். இதனால்தான் கவர் போடும் முன் ஒரு ஈரத்துணியால் கதவு விளிம்பையும் முன்கம்பத்தையும் துடைப்பது எனக்குக் கட்டாயமான வேலை. முப்பது வினாடி ஆகும்.

அதற்குப் பிறகு நிதானமாகத் தேடினேன். முகாமுக்குப் போகும் இடமெல்லாம் பக்கத்து வண்டிக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் மாட்டுவதை நின்று பார்த்தேன். இந்த ஊரில் மோட்டார்ஹோம்காரர்கள் இதைப் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். பார்த்தவரை கவர்களில் இரண்டு குணம். ஒன்று, முழுப் போர்வை. முன்கண்ணாடி, இரண்டு கதவுக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே துண்டாகச் சுற்றி வரும், நுனிகள் கதவுக்குள் போகும். இன்னொன்று அதோடு இன்னொரு துண்டும் சேர்ந்தது, பானெட்டையும் கிரில்லையும் மூடிக் கீழே தொங்கும். ஜெர்மனியில் இதை மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று தனித்தனியாக விற்கிறார்கள், பனிச்சறுக்கு ஊர்களில் வாரக்கணக்கில் நிற்பவர்களுக்கு அது தேவை, ஏனென்றால் பெடல் பக்கத்திலிருந்தும் எஞ்சின் சுவர் வழியாகவும் குளிர் உள்ளே வரும். ஒரு இரவு, இரண்டு இரவு தங்கி நகரும் எங்களுக்கு மேல்பகுதி போதும். பெடல் குழியில் ஒரு பழைய ரஜாயை மடித்துத் திணித்துவிடுகிறேன், அது நன்றாகவே வேலை செய்கிறது. கீழ்ப்பகுதியும் வாங்குகிறவர்கள், அது போட்டிருக்கும்போது எஞ்சினை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

முன்பக்கம் திறந்து கீழே விழும் மடல் வைத்த கவரை வாங்கச் சொல்வேன். பிரிட்டனில் தைப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கொடுக்கிறார்கள். முழுக் கவரும் அப்படியே இருக்க, கண்ணாடிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் கீழே மடித்துவிட்டால் வெளிச்சம் வரும், மலையைப் பார்த்தபடி டீ குடிக்கலாம், மழை நாளில் வண்டி குகை மாதிரி ஆகாது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். மடலைப் பிடித்திருப்பது வெல்க்ரோ மட்டும் என்றால், ஒரு வருடத்தில் வெல்க்ரோவில் பஞ்சும் புல்லும் ஏறிப் பிடிப்புப் போய்விடும். வெல்க்ரோவோடு ஒரு கிளிப்போ எலாஸ்டிக் கொக்கியோ இருக்க வேண்டும்.

அப்புறம் மேல்விளிம்பு. எங்களைப் போன்ற வண்டியில் கண்ணாடிக்கு மேலே கூரை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் கூரைத் தண்ணீர் கவரின் முதுகுக்குள் இறங்காது. வேன் உடலிலேயே இருக்கும் வண்டிகளில் அந்த நீட்டல் இல்லை, கூரையிலிருந்து வழியும் மழை நேரே கவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே போகும். அவர்களுக்குக் கவரின் மேல்விளிம்பு கூரை மேல் ஒரு சாண் ஏறிப் படிய வேண்டும், அதில் காந்தம் தைத்திருந்தால் நல்லது. அலுமினியமோ ஃபைபரோ ஆன இடத்தில் காந்தம் ஒட்டாது, வாங்கும் முன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துப்போய் வண்டியில் வைத்துப் பாருங்கள். அளவு எடுக்கும்போது தையல்காரர் டேப்பால் எடுங்கள், இரும்பு டேப் வேண்டாம், கண்ணாடி வளைவானது. கண்ணாடியின் வளைவோடு டேப்பைப் படியவிட்டு, வைப்பருக்குக் கீழே இருந்து கண்ணாடியின் மேல்நுனி வரை ஒன்று, ஒரு கதவின் பின்விளிம்பிலிருந்து மறு கதவின் பின்விளிம்பு வரை ஒன்று, மிரரின் கை கதவில் தொடங்கும் இடம், அதன் நீளம். இவ்வளவும் குறித்துக்கொண்டு, தைப்பவரிடம் போனிலேயே பேசினேன். வண்டியின் போட்டோ அனுப்பினேன், மிரர் பக்கமாக எடுத்தது. 190 பவுண்டு ஆனது. முதல் கவரின் இரண்டு மடங்குக்கும் மேல், ஆனால் நான்காவது குளிர்காலம் தாண்டியும் உழைக்கிறது.

துணியைத் தொட்டுப் பார்க்கும்போது நான் சோதித்தது கதவுக்குள் போகும் நுனிகளை. அவை மெல்லியதாக இருக்க வேண்டும். கவர் முழுக்க ஒரே தடிமனில் தைத்து, அந்தப் பஞ்சு நுனியையே கதவுக்குள் கொடுத்தால் கதவு முழுதாகச் சாத்தாது, ரப்பர் நசுங்கி வருடம் போகப் போகத் தன் வடிவத்தை இழக்கும், கதவு திறந்திருக்கிறது என்று வண்டி விளக்கு வேறு எரியும். அதைவிட முக்கியம், நுனி தண்ணீர் உறிஞ்சாத துணியாக இருக்க வேண்டும். மழை பெய்யும்போது கவரின் வெளிப்பக்கம் வழியும் தண்ணீரை, நுனி நெய்த பட்டையாக இருந்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல இழுத்து ரப்பரைத் தாண்டி உள்ளே கொண்டுவந்துவிடும். காலையில் கதவுப் பையில் வைத்த வரைபடம் ஊறியிருக்கும், எங்கே ஒழுகுகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். என் கவரில் இரண்டு நுனியையும் இணைக்கும் பட்டை நெய்ததுதான், அதற்குக் கூடாரத்துக்குப் பூசும் நீர்த்தடுப்புத் திரவத்தை வருடம் ஒருமுறை பூசுகிறேன். அந்தப் பட்டை எதற்கு என்றால், இடது கதவுக்குள் நுழைந்த நுனியையும் வலது கதவுக்குள் நுழைந்த நுனியையும் சீட்டுகளுக்கு முன்னால் வண்டிக்குள்ளேயே கோத்து இழுத்துக் கட்ட. கதவைப் பூட்டிவிட்டால் வெளியிலிருந்து யாரும் கவரை உருவ முடியாது, காற்றும்தான்.

மாட்டும் முறையை எனக்குச் சொல்லித் தந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு யார்க்‌ஷையர்க்காரர். நான் ஸ்டூல் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழே போர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவர் என் தலைமேல் விழுந்துகொண்டே இருந்தது. அவர் வந்து, முன்னால் போகவே போகாதே, பக்கத்திலிருந்து தொடங்கு என்றார். அன்றிலிருந்து அப்படித்தான்.

முதலில் வண்டியை நிறுத்தும்போதே காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வேன். முகாமில் இடம் அனுமதித்தால் மூக்கைக் காற்றுக்கு நேராக வைப்போம், காற்றே கவரைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்கும். பக்கவாட்டுக் காற்றுதான் ஓரத்தில் விரலை விட்டுத் தூக்கும். வைப்பரை அப்படியே விட்டுவிடுவேன், தூக்கி நிறுத்துவதில்லை, கவர் அதன்மேல் படியும். கவரைப் பையில் வைக்கும்போதே இரண்டு பக்கமும் நடுவை நோக்கிச் சுருட்டி வைத்திருப்பேன், பிரிக்கும்போது எது இடது எது வலது என்று இருட்டில் தேட வேண்டாம் (இடது நுனியில் ஒரு சிவப்பு நூல் தைத்திருக்கிறேன்). காற்று வரும் பக்கத்துக் கதவில் தொடங்குவேன். கதவைத் திறந்து, கவரின் நுனியை உள்ளே கொடுத்து, பட்டையைச் சீட்டின் மேல் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினால் அந்தப் பக்கம் பூட்டிக்கொண்டது, இனி காற்று அதைக் கொண்டுபோக முடியாது. மிரரை அதன் பையில் நுழைப்பேன். பிறகு மிச்சச் சுருளைப் பிரித்துக்கொண்டே மூக்கைச் சுற்றி நடப்பேன், மேல்விளிம்பை எட்டுவதற்கு வண்டி துடைக்கும் நீளக்கைப் பிரஷ் ஒன்றின் கைப்பிடி நுனியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், அதால் தள்ளிவிட்டால் போதும், ஸ்டூலே தேவையில்லை. மறுபக்க மிரர். "என்னங்க, அந்தக் கதவத் திறங்க" என்றால் அவர் உள்ளிருந்து திறப்பார், நுனியைக் கொடுப்பேன், அவர் பட்டையை வாங்கி மறுபட்டையோடு கோத்து இடது கையாலேயே இழுப்பார். கீழ்விளிம்பில் இரண்டு எலாஸ்டிக் கொக்கிகள், சக்கர வளைவுக்குள். கடைசியாக ஒருமுறை சுற்றி வந்து ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். விரல் உள்ளே போகும் இடத்தில் காற்றும் போகும். நான்கு நிமிடம் ஆகிறது, முதலில் பதினைந்து நிமிடம் ஆனது.

இதெல்லாம் மாட்டும் கதை. இதைவிடப் பெரிய வேலை காலையில் கழற்றுவதும், ஈரக் கவரை எங்கே வைப்பது என்பதும். இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. மழையில் நனைந்த கவர் ஒரு நனைந்த ஜமுக்காளம் மாதிரி கனக்கும், அதைப் படுக்கைப் பக்கம் கொண்டுபோனால் வண்டியே வீச்சம் அடிக்கும். நான் வெளியே நின்று இரண்டு மூன்று தடவை உதறி, ஈரப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, கண்ணித் துணிப் பையில் போட்டு ஷவர் தட்டில் வைக்கிறேன், தண்ணீர் வடிகால் வழியாகப் போய்விடும். வெளியிலிருந்து திறக்கும் சாமான் பெட்டி இருக்கிறவர்களுக்கு அது இன்னும் வசதி. கோவென்ட்ரி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கராஜில் கயிறு கட்டி அதை விரிப்பதுதான். ஈரத்தோடு மூன்று நாள் பையில் கிடந்தால் தையல் ஓரங்களில் கறுப்புப் பூஞ்சை வரும், அது போகவே போகாது. வாஷிங் மெஷினில் போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ், சோப்பு மிகக் கொஞ்சம், போதும்.

உறைபனி இரவில் கதவு ரப்பரும் கவர் நுனியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலையில் பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும். குளிர்காலம் தொடங்கும்போது ரப்பரில் சிலிக்கோன் மசகு தடவிவிடுங்கள், அப்படியும் ஒட்டினால் உள்ளே ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டிவிட்டு ஒரு டீ குடியுங்கள், தானே விட்டுக்கொடுக்கும்.

கோடைக்கும் இந்தக் கவர்தான் என்பது எனக்கு 2022 ஜூலையில்தான் உறைத்தது. அந்த 19ஆம் தேதி லிங்கன்‌ஷையரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது, பிரிட்டனில் அதுவரை 40ஐத் தொட்டதே இல்லை. நாங்கள் நார்ஃபோக்கில் ஒரு வயலோர முகாமில் இருந்தோம், தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருந்தார். கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கும் மடிப்புத் திரையை நான் இழுத்து மூடிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அம்மா திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, வெயில உள்ள விட்டுட்டு அப்புறம் கதவச் சாத்துறியே, தட்டிய வாசலுக்கு வெளியதான கட்டுவோம்?" என்றார். எங்கள் வீட்டுத் திண்ணையில் சித்திரை பிறந்ததும் கீற்றுத்தட்டியை வெளிப்பக்கமாகத்தான் கட்டுவார்கள், சாயங்காலம் தண்ணீர் தெளிப்பார்கள், நான் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அது திரையில் பட்டுச் சூடாகிறது, அந்தச் சூட்டைக் கண்ணாடி திரும்ப வெளியே விடுவதில்லை. வெளியிலேயே மறித்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. கவரை எடுத்து மாட்டினேன். அரைமணி நேரத்தில் டேஷ்போர்டில் கை வைக்க முடிந்தது. வெளியே இருந்த சூட்டைக் கவரால் குறைக்க முடியாது, வண்டிக்குள்ளும் வேர்த்துக் கொட்டியது, ஆனால் முன்பக்கத்திலிருந்து அடுப்பு மாதிரி அடித்த அனல் நின்றது, அம்மா பகலில் கொஞ்சம் கண் அயர்ந்தார். வெளிப்பக்கம் வெள்ளி நிறமாக இருப்பதன் பலன் இங்கேதான், அழுக்கேறி மங்கிவிட்டால் அந்தப் பலன் குறையும், அதனால் கோடைக்கு முன் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

ஏ கிளாஸ் வண்டி வைத்திருப்பவர்கள், அதாவது முன்பகுதியையும் சேர்த்து மோட்டார்ஹோம் கம்பெனியே கட்டிய பெரிய முகம் கொண்ட வண்டிகள், நான் சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். அவற்றின் கண்ணாடி மிகப் பெரியது, உயரமானது, சில வண்டிகளில் டிரைவர் பக்கம் மட்டும் கதவு அல்லது கதவே கிடையாது, ஆகவே கவர் எங்கே பிடித்துக்கொள்ளும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மாடலும் வருடமும் சொல்லித் தைத்து வாங்குவதைத் தவிர வழி இல்லை.

வெளிக் கவரை எங்கே போட மாட்டேன் என்பதும் இருக்கிறது. சாலையோரமோ தெரியாத வாகன நிறுத்தத்திலோ ஒரு இரவு தங்க நேர்ந்தால் உள்திரை மட்டும்தான். ராத்திரி யாராவது தொந்தரவு செய்தால் திரையைத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கிளம்பலாம், கவர் போட்டிருந்தால் வெளியே இறங்கிக் கழற்ற வேண்டும், அது எனக்குச் சம்மதமில்லை. புயல் எச்சரிக்கை இருந்தாலும் போடுவதில்லை.

2022 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் நாடு முழுக்கக் கடுங்குளிர் அடித்தது நினைவிருக்கும். நாங்கள் டார்பிஷையரில் காசில்டன் பக்கம் இருந்தோம். காலை எட்டு மணிக்குக் கவரை உருவினேன், வெண்பனி எல்லாம் கவரோடு வந்தது, கண்ணாடி அப்போதுதான் கழுவியது போல இருந்தது. இங்கே எல்லா ஜன்னலிலும் பனியை நீக்கி முழுதாகப் பார்க்க முடிந்த பிறகுதான் வண்டியை எடுக்கலாம் என்று பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடின் 229ஆம் விதி சொல்கிறது, பக்கத்து வண்டிக்காரர் அதற்காக அரைமணி நேரம் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கவரைக் கையில் கொடுத்து நுனியைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே கண்ணாடியின் கீழ்மூலைகளில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது. ஒரு துண்டால் ஒற்றினேன், அவ்வளவுதான்.

இப்போது இடது மிரர்ப் பையின் கீழ்த்தையல் விட ஆரம்பித்திருக்கிறது. நான் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி இழுப்பதால் இருக்கலாம். வீட்டுத் தையல் மெஷினில் அந்தத் தடிமன் போகவில்லை, ஊசி ஒன்று உடைந்தது. கூடாரம் தைக்கும் தடித்த பாலியஸ்டர் நூலும் வளைந்த ஊசியும் வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கராஜில் உட்கார்ந்து கையால் தைத்து, தையல் மேல் சீலர் தடவிவிட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அவிமோர் கிளம்புகிறோம்.